நீர் வார்த்த கை

ஆசிரியத் தொழிலில் புகுந்தவர்க்குப் 'பக்குவம்' என்னும் சொல்லின்மேல் தனிப்பற்று உண்டு. பக்குவம் வந்த பின்னரே எழுத்து. எழுத்து வந்த பின்னரே சொல். பயிற்சிக் கல்லூரியில் யான் கற்றது அதுவே. தந்தையாரிடம் கேட்ட சைவ சித்தாந்தமும் அதற்கு மாறாகத் தோன்றவில்லை. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த உயிர்க்கே சத்திநிபாதம் என்பர். ஆகவே அருளும் தகுதி நோக்கியே வரும் என முடிவு கட்டியிருந்தேன். (சித்தாந்தம் அவ்வளவு எளிதன்று; அது வேறு கதை.)

1994ஆம் ஆண்டு டிசம்பர் மழையில், ஓரிரவு அம்முடிவை அசைத்தது.

அப்போது பேராக்கில் ஒரு தோட்டப்பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். உடன் பணியாற்றிய கத்தோலிக்க நண்பர் அடுத்த வீட்டில் குடியிருந்தார். அவர் பயிற்சிக்காக ஜொகூர் சென்றிருந்த வேளையில் அவர்தம் துணைவியார்க்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. யானும் என் மனைவியும் மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை செய்து குழந்தையை எடுத்தனர். தாய்க்கு மயக்கம் தெளியவில்லை. குழந்தை விடியும்வரை தாங்காது என்றார் தாதி.

தொலைபேசியில் நண்பரிடம் அதை எவ்வாறு சொன்னேன் என்பது நினைவில்லை. நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சார், பிள்ளைக்கு நீங்களே ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

"நான் சைவன். என் கையாலா?"

"கொடுக்கலாம் சார். ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம். திருச்சபை எதை எண்ணிச் செய்கிறதோ, அதையே எண்ணிச் செய்தால் போதும்."

சொல்ல வேண்டியதை அவரே சொல்லித் தந்தார். தாதி சிறு கிண்ணத்தில் நீர் கொணர்ந்தார். என் உள்ளங்கையில் அடங்கிவிடும் தலை. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூன்று பெயர்களையும் சொல்லி மும்முறை நீர் வார்த்தேன். கை நடுங்கிற்று. விடியுமுன் குழந்தை இறந்தது.

நம்பாத ஒன்றை நம்புவோர்க்காகச் செய்தது நடிப்பாகுமோ என்னும் ஐயம் பல நாள் என்னை அரித்தது. அவ்வூர்ப் பங்குத்தந்தையாரிடம் சென்று கேட்டேன். அவர் அகுஸ்தீனின் கதையிலிருந்து தொடங்கினார். கி.பி. 303இல் உரோமப் பேரரசில் தொடங்கிய துன்புறுத்தலின்போது, அஞ்சித் திருநூல்களை ஒப்படைத்த குருமாரும் உண்டு. அத்தகையோர் ஆற்றும் சடங்கு செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்துக் கட்சியார் வாதிட்டனர். பின்னாளில் அங்கு ஆயரான அகுஸ்தீன் அதனை மறுத்தார். நீர் வார்க்கும் கை எவருடையதாயினும், முழுக்காட்டுபவர் கிறித்துவே என்பது அவர் வாதம். கொடுப்பவன் தகுதி இங்ஙனம் கழிந்தது. பெலாகியுவோடு நிகழ்ந்த வழக்கிலே பெறுபவன் தகுதியும் கழிந்தது. மனிதன் தன் முயற்சியால் ஈட்டுவதன்று அருள். முயலும் விருப்பமும் அருளால் எழுவதே என்றார் அவர். பல நெறிகளில் அலைந்து, 387இல் மிலான் நகரில், தம் 32ஆம் வயதில் திருமுழுக்குப் பெற்றவர் கூறியது இது என்பதை மறத்தலாகாது.

கிறித்தவர் அனைவரும் குழந்தைக்கு நீர் வார்ப்பதில்லை. பாப்திஸ்துச் சபையார், தானே நம்பி அறிக்கையிடும் பருவம்வரை காத்திருப்பர். ஆசிரியனாகிய எனக்கு இன்றும் அவர்பால் ஒரு சாய்வு உண்டு. ஆயினும் அவர்களும் அருளைக் கூலி என்று சொல்வதில்லை.

அன்று நீர் வார்க்காது விட்டிருந்தால்? 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட ஆய்வுரை, திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளும் மீட்படைவர் என நம்பிக்கை கொள்ள இடமுண்டு என்கிறது. அதைப் படித்தபோது நெஞ்சம் ஆறுதலுற்றது. அவ்வாறாயின் என் கைநீர் எதற்கு என்றும் உடனே தோன்றிற்று. அதற்கு இன்னும் எனக்கு விடை கிட்டவில்லை.

அவ்விரவு என் வகுப்பறையை மாற்றிவிட்டது என்று சொல்லேன். மறு ஆண்டும் மதிப்பெண் வரிசைப்படியே பெயர்களை எழுதினேன். கடைசிப் பெயருக்கு வரும்போது மட்டும் பேனா சற்று நின்றது, இன்றும் நிற்கிறது.

மயக்கம் தெளிந்த தாய், பெயர் என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். பெயர் வைக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவரே ஒரு பெயர் சொன்னார். அப்பெயர் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறியபோது யானும் உடனிருந்தேன். அளித்தவர் என்னும் கட்டத்தில், சிவபெருமான் திருநாமங்களுள் ஒன்றாகிய என் பெயரைப் பங்குத்தந்தையார் எழுத்துப் பிழையின்றி எழுதினார்.