சித்திரையில் ஒரு கார்த்திகை

2017 கோடையில் நாம் கண்ட காட்சியொன்றைக் கூற நாணுகிறோம். ஆயினும் கூறத்தான் வேண்டும்.

முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் நூற்றுக்கு 62 பங்கு குறைந்துபோயிற்று. சனவரியிலேயே தமிழகம் முழுதும் வறட்சிக்கு ஆளானதாக அரசு அறிவித்தது. ஆரணிக்கு அது வெறும் ஏட்டுச் செய்தியன்று. கமண்டல நாகநதி மணலாய்க் கிடந்தது. சாயத் தொட்டிக்கு நீரில்லை. தறிக்குழியின் ஈரமும் வற்றிற்று. ஈரமற்ற காற்றில் பட்டிழை அறுந்தது. அறுந்ததை முடிந்து முடிந்து விரல் ஓய்ந்தவர் எத்தனை பேர்! சேலை உடுத்துவோர் அம்முடிச்சுகளை அறியார். அறியாதபடி முடிவதுதானே நெசவாளியின் திறம்.

அந்நாளில் ஓரிரவு படவேட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சவ்வாது மலைச் சரிவில் நெருப்பு வரிசை வரிசையாக ஊர்ந்தது. அண்ணாமலைத் தீபத்தை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய கண்களல்லவா! வண்டியிலிருந்தோர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். "மலை பத்திக்கிட்டா மழை வரும் தம்பி" என்றார், பக்கத்துத் தறிப் பெரியவர். பகுத்தறிவு பேசும் நாம் என்ன செய்தோம்? மறுத்தோமா? இல்லை, "என்ன அழகு!" என்றோம்.

எரித்த இடத்தில் மழைக்குப் பின் இளம்புல் தழைக்கும்; அது மெய். மழைக்குப் பின்! புகைக்கு மாரியை அழைத்துவரும் ஆற்றல் ஏது? மரம் போன மலையில் பெய்யும் மழை மண்ணை வாரிக்கொண்டு ஓடுமேயன்றி, ஊற்றாய் நின்று ஆற்றை வளர்க்காது.

2018 மார்ச் 11. தேனி மாவட்டத்துக் குரங்கணி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றோர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். சமவெளியில் நடக்கும் தீ சரிவில் பாய்ந்தோடும். கீழே எழும் சுவாலை மேலுள்ள புல்லை முன்னரே சுட்டு உலர்த்திவிடுகிறது. மனிதக் கால் அதனை எங்ஙனம் முந்தும்? விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. மாண்டோர், மருத்துவமனையில் கண்மூடியோரையும் சேர்த்து, 23 பேர். அந்தோ, பெரும்பாலோர் வாழத் தொடங்கிய வயதினர்!

அந்தத் தீ வேறு, நாம் கண்ட தீ வேறு. ஆனால் செய்தித்தாளைப் படித்துக் காட்டியபோது பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டார். "அன்னிக்கு நாம கும்பிட்டோமே, அந்த மலையிலயும் ஆளுங்க இருந்திருப்பாங்களா தம்பி?"

சவ்வாது மலை நெடுகிலும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் உண்டு. அது நமக்குத் தெரியும். வண்டியில் அமர்ந்து வியந்த அந்த இரவிலும் தெரியும்.