4,350 ரூபாய்க் கணக்கு

புனே வந்து பதினாலு வருஷமாச்சு. எங்க குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் கொண்டாடுவோம். 2023-ல் கணக்குப் பிள்ளை வேலை என் தலையில். பொட்டி தட்டுறவன் கணக்கு நல்லாப் போடுவான்னு யாரோ கிளப்பிவிட்ட வதந்தி!

மொத்தம் 24 ரசீது, 31,600 ரூபாய். பேங்கில் கட்டியது 27,250. துண்டு விழுந்தது 4,350. வசூல் பண்ணியவர் மூணு பேர். அதில் போசரி ஃபேக்டரியில் ரிட்டயரான அண்ணாச்சியும் ஒருத்தர்.

எந்தெந்த ரசீதைக் கூட்டினா 4,350 வரும்? ராத்திரி உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுதினேன். ஒவ்வொரு ரசீதையும் எடு, இல்லைன்னா விடு. கூட்டல் மீறினா திரும்பி வந்து அடுத்ததைப் பார். அவ்வளவுதான். எண்டர் தட்டினதும் விடை: 2,000 + 1,500 + 850. மூணுமே அண்ணாச்சி புக்!

அப்பவே போன் போட்டுட்டேன். "அந்த மூணு ரசீதுப் பணம் உங்ககிட்டயே இருக்கா அண்ணாச்சி?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பாக்குறேன் தம்பி"ன்னு வச்சுட்டார்.

படுத்தா தூக்கம் வரலை. ப்ரோக்ராம் முதல் விடையோட நின்னுடும், நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். எல்லா விடையையும் காட்டச் சொன்னேன். எழுநூத்திச் சொச்சம்! 24 ரசீதை 1,67,77,216 விதமாச் சேர்க்கலாம். எல்லாம் ஐம்பதின் மடங்கு, அதனால் வரக்கூடிய கூட்டுத்தொகை மிஞ்சிப் போனா 633. அப்புறம் எப்படி ஒரே விடை இருக்கும்? அண்ணாச்சி புக்கை முதலில் டைப் பண்ணியிருந்தேன், அதனால் அவர் முதலில் மாட்டினார்.

இந்தக் கணக்கு 1972-ல் ரிச்சர்ட் கார்ப் போட்ட 21 கஷ்டமான கணக்குகள் பட்டியலிலேயே இருக்கு. 40 ரசீதுன்னா சேர்க்கைகள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். ரெண்டு இருபதாப் பிரிச்சு, பக்கத்துக்குப் பத்து லட்சத்துச் சொச்சம் கூட்டல் போட்டு, வரிசைப்படுத்திப் பொருத்துற வழியை 1974-ல் ஹோரோவிட்ஸும் சாஹ்னியும் சொன்னாங்க. காலேஜில் படிச்சு மார்க்கும் வாங்கினவன்தான் நான். விடை ஒண்ணுதானான்னு கேட்கத்தான் தோணலை.

மூணாம் நாள் டென்ட் ஹவுஸ்காரர் பில் புக்கோட வந்தார். நாற்காலி, பந்தல் வாடகை 4,350, வசூல் டப்பாவிலிருந்து ரொக்கம். கொடுத்தவர் கையெழுத்து என்னுது. பொங்கல் அன்னிக்கு அவசரத்துல கொடுத்துட்டு மறந்திருக்கேன். எந்த ரசீதும் காணாமப் போகலை. நான் கேட்ட கேள்வியே தப்பு.

அண்ணாச்சி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா காபி கொடுத்தாங்க.

"அதனால என்ன தம்பி. அடுத்த வருஷம் ரசீது புக்கை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க" என்றார்.