அந்த வாட்டை வாங்கியவன் நான்

மேகமலைத் தேனைச் சின்னமனூரில் பாட்டிலில் அடைத்து விற்கிறேன். இண்டக்‌ஷன் சீலிங் மெஷின் வாங்கப் போனபோது எனக்கு இருந்தது தேவை அல்ல, பகட்டு. எங்கள் அளவுக்குக் கையில் பிடித்து அழுத்துகிற சின்ன மெஷினே போதும். வருகிறவர்கள் அசந்து பார்க்க வேண்டுமே என்று, கன்வேயரோடு வருவதைக் கடனுக்கு எடுத்தேன். தவணை கழுத்தை நெரித்ததும், மூடிக்குள் வைக்கிற அடைப்பு வட்டில், அதாவது வாட்டில், மிச்சம் பிடித்தேன்.

அந்த மெஷின் மூடியைச் சுடுவதில்லை. சுருளில் ஓடும் உயர் அதிர்வெண் மின்சாரம் வாட்டிலுள்ள அலுமினியத் தாளில் மின்னோட்டத்தைத் தூண்டும். தாள் சூடேறி, அதன் அடிப்பூச்சு உருகிப் பாட்டில் வாயோடு ஒட்டும். (தகர மூடி ஆகாது, மூடியே கொதித்துவிடும்.) பூச்சு பாட்டிலின் பிளாஸ்டிக்குக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். என் பாட்டில் பெட். மலிவாகக் கிடைத்த வாட்டோ பாலிஎத்திலீன் பாட்டிலுக்கானது. ஒட்டினாற்போல் இருக்கும், ஒட்டியிருக்காது.

சின்னமனூரில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. மேகமலையின் 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சுமார் 1500 மீட்டர் உயரத்துக் கடைகளுக்குப் போனதும் தேன் கசிந்தது. அங்கே காற்றழுத்தம் குறைவு. கீழே அடைபட்ட காற்று தாளை நெம்பும். ஒழுங்கான சீல் அதைத் தாங்கியிருக்கும்.

பாட்டில் வாயில் தேன் பட்டிருந்தாலும் சீல் பிடிக்காது. அந்தப் பாதி அறிவு எனக்கு வசதியாகப் போயிற்று. பாட்டிலை மூடும் மேசையருகே வேலை செய்த அக்காவிடம், “வாயைத் துடைக்காம மூடியிருக்கீங்க” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். என்னைவிட மூத்தவர். “நல்லாத் துடைச்சுத்தான்ப்பா வச்சேன்” என்றார். திரும்பி வந்த பாட்டில்களின் விலையை அவர் சம்பளத்தில் பிடித்தேன்.

பிறகு வேறொரு கடையில் வாட் கேட்டபோது, “பாட்டில் என்ன மெட்டீரியல்ணே?” என்று அங்கிருந்த பையன் கேட்டான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாட்டை மாற்றினேன், கசிவு நின்றது. “இப்பல்லாம் அக்கா கவனமாத் துடைக்குது” என்று கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு கணக்கு எழுதினேன்.

பிடித்த பணத்தைத் தீபாவளி போனஸோடு சேர்த்துக் கொடுத்தேன், எதற்கென்று சொல்லாமல். இந்த வருசம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேனே என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். “இருக்கட்டும்க்கா” என்றேன்.