குமுளி மலையும் குன்றக் குரவையும்

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரைக் கடந்ததும் சமவெளி முடிந்து மலை எழுகின்றது. லோயர் கேம்ப்பிலிருந்து பேருந்து வளைந்து வளைந்து ஏற, திராட்சைத் தோட்டங்களும் நெல்வயல்களும் கீழே சிறுத்துப் போகின்றன. ஏற்றம் முடியும் இடத்தில் தமிழ்நாட்டின் எல்லை. அதனை அடுத்துக் கேரளத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த குமுளி. ஏலமும் மிளகும் மணக்கும் அதன் கடைவீதியில் வணிகர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பர். தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்புகளில் ஏறி வரும் கம்பம் பக்கத்துப் பெண்கள் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பர். இலக்கணத்துக்கு அஞ்சி எவரும் வாய்மூடி நிற்பதில்லை.

குமுளிக்கு வருவோரிற் பெரும்பாலோர் தேக்கடியில் படகேறி யானை பார்த்துத் திரும்புவர். நாம் ஏறியது மங்கலதேவி மலைக்கு. குமுளியிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தொலைவில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் நடுவே, 1,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சிதைந்த கற்கோயில் ஒன்று நிற்கின்றது. கண்ணகி விண்ணேறிய இடம் இதுவே என்பது இப்பகுதி மக்களின் மரபு. ஆண்டில் சித்திரைப் பௌர்ணமி ஒருநாள் மட்டுமே மக்களை உள்ளே விடுகின்றனர். குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழகப் பக்கம் பளியங்குடியிலிருந்து கால்நடையாகவும் ஏறலாம். உச்சியில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகின்றது. கோயிற் சுவரின் நிழலில் அமர்ந்திருந்தபோது சிலப்பதிகாரத்தின் இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து நினைவுக்கு வந்தன.

முதலாவது, மதுரை அரண்மனை. தான் கொல்வித்தவன் கள்வன் அல்லன் எனத் தெரிந்த கணமே பாண்டியன் நெடுஞ்செழியன் தன்னைத் தானே குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, அரியணையிலிருந்து விழுந்து உயிர் விடுகின்றான். குற்றமற்ற ஓர் உயிர் போயிற்று. அதற்கு அத்தகைய தீர்ப்புத் தகும் எனத் தமிழுலகம் அவனைப் போற்றி வருகின்றது. நாமும் போற்றுகின்றோம். ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது: மதுரை தீப்பற்றி எரிந்த அந்த வேளையில் மக்களைக் காக்க மன்னன் இல்லை. கொற்கையிலிருந்து வெற்றிவேற் செழியன் பின்னர் வந்தே அரசுக் கட்டில் ஏறினான்.

இரண்டாவது, இந்த மலை. பதினான்கு நாள் நடந்து வந்து வேங்கை மரத்தடியில் நின்ற ஒருத்தி விண்ணேறியதைக் குன்றக் குறவர் காண்கின்றனர். அவள் கதை அவர்கள் முழுதறியாதது. ஆயினும் அவள் தங்கள் தெய்வம் என்று துணிந்து, பறை முழக்கி, கொம்பு ஊதி, மணி இயக்கி அங்கேயே குரவையாடத் தொடங்கி விடுகின்றனர். பிறகே அவர்கள் கண்டதைச் சொல்கின்றனர். மதுரையில் நடந்ததைச் சாத்தனார் எடுத்துரைக்கின்றார். இளங்கோவடிகள் முப்பது காதைகளாக அமைக்கின்றார். மலையில் நடந்ததைக் கண்டவர் குறவரே. ‘பாடுவதற்கு நாம் யார், வஞ்சிநகரப் புலவர் வரட்டும்’ என்று அவர்கள் வாளாவிருந்தால் அந்தச் செய்தி மலையோடு போயிருக்கும்.

அன்பர்களே, கடல் கடந்து வாழும் நம் இல்லங்களில் குறவர் குறைந்து நெடுஞ்செழியர் பெருகி வருகின்றனர். சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று ஓர் அம்மையாரைக் கேட்டால், “என் தமிழ் துருப்பிடித்துப் போயிற்று” என்கின்றார். இரண்டு வரி எழுதுகின்றார். மூன்றாவது வரிக்குமுன் தாளைக் கிழித்து விடுகின்றார். குழந்தை ஊரிலுள்ள பாட்டிக்குக் கடிதம் எழுதினால், தபாலில் சேர்க்குமுன் தந்தை சிவப்பு மையால் ணகர னகரம் திருத்துகின்றார். அடுத்த மாதம் குழந்தை எழுதுவதில்லை. பாட்டி கேட்டது கடிதம், இலக்கணத்தை அல்ல. அந்தச் சிவப்பு மை குழந்தையின் உள்ளே குடியேறி, நாற்பது வயதிலும் அவன் எழுத அமரும்போதெல்லாம் முதலில் எழுந்து பேசும். பிறர்க்குத் தீங்கு செய்தவன் தன்னை விசாரித்துக் கொள்ளட்டும். ஒரு கோணல் வரிக்காக அரியணையிலிருந்து விழ வேண்டியதில்லை. அதை மன்னித்து அடுத்த வரிக்குப் போகலாம். செப்பம் செய்யும் வேலை குரவைக்குப் பின்னர் வருவது.

தன்னை மன்னிப்பது சோம்பலுக்கு இடங்கொடுப்பதாகாதா என்று கேட்போர் உண்டு. மலையிறங்கித் தேக்கடி ஏரிக்கரையில் நின்றால் விடை கிடைக்கும். நீரின் நடுவே பட்டமரங்களின் அடிகள் இன்னும் கறுத்து நிற்கும் அந்த ஏரி, முல்லைப் பெரியாறு அணை தேக்கிய நீர். (அணை பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே உள்ள வழக்கு நம் பொருளன்று.) மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழமையானது. 1808-ஆம் ஆண்டு ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைத்துறை அதிகாரி, அதனை மேலும் கருதத் தகாத வீண் கனவு என்று எழுதி வைத்தார். அன்றிருந்த கருவிகளை எண்ணினால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் உள்ளே இருக்கும் கண்டனக்காரரும் பெரும்பாலும் இப்படித்தான், இன்றைய நிலையைச் சரியாகச் சொல்லி நாளையையும் சேர்த்து மூடிவிடுகின்றார். 1850-இல் தொடங்கிய ஒரு முயற்சி நோயாலும் கூலித் தகராறாலும் கைவிடப்பட்டது. 1887-இல் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கிய பிறகும், ஆற்றைத் தடுக்க இட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. காய்ச்சல் தொழிலாளர் பலரைக் கொண்டுபோயிற்று. உடைந்த கரையை நல்ல கரை என்று எவரும் சொல்லவில்லை. அதை இட்டவர்களைத் தண்டித்துக் கொண்டிருக்கவும் நேரமில்லை. வெள்ளம் வடிந்ததும் மீண்டும் இட்டனர். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய 155 அடி அணை 1895-இல் நிறைவேறி, ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கே இறங்கியது.

தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று மக்கள் பொங்கலிடுகின்றனர். குழந்தைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. 2013-இல் திறந்த அவர் மணிமண்டபம் லோயர் கேம்ப்பில் சாலையோரம் இருக்கின்றது. விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஊருக்குப் போகும் அன்பர்கள், மலையேறுமுன் அங்கே அரைமணி நேரம் இறங்கலாம். பாட்டிக்குக் கடிதம் எழுதக் குழந்தைகளுக்கு அங்கே நிறையச் செய்தி கிடைக்கும்.