பாத்திக்கு ஒரு வரம்பு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இரயிலில் மீஞ்சூருக்கு அடுத்து வருவது அனுப்பம்பட்டு. கார்த்திகை மாதத்தில், பழவேற்காட்டிற்குச் செல்லும் வழியில், அங்கே உறவினர் இல்லத்தில் தங்கினேன். முற்றத்து மல்லிகைப் பாத்தியைச் சுற்றிப் பூவேலை செய்த சிமெண்டுக் கற்கள். காண அழகுதான், மல்லிகையோ வாடி நின்றது. கற்களை இடைவெளியின்றிப் பூசியிருந்தமையால் மழைநீர் வடிய வழியின்றி வேர் அழுகத் தொடங்கியிருந்தது.

முன்னெல்லாம் செங்கற்களைச் சாய்த்து, பல்வரிசைபோல் நட்டுச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இடுக்குகளில் நீர் தானே வடியும். அச்சுண்ணாம்பும் இந்த ஏரியின் கிளிஞ்சலைச் சுட்டுச் செய்ததே!

சிமெண்டு கூடாதென்பதில்லை. ஆனால் கலவையில் கடல்மணல் சேர்க்கலாகாது. அதன் உப்பு கல்லின்மேல் வெள்ளையாய்ப் பூக்கும். உள்ளே கம்பியிருப்பின் துருப்பிடித்துக் கல்லையே பிளக்கும்.

வீட்டு அம்மையார் அன்றே உளியெடுத்து நான்கிடங்களில் பூச்சைப் பெயர்த்தார். "செடி பிழைக்குமா?" என்றார். பச்சை மாறாத கிளையொன்றைப் பதியம் போட்டுவைக்கச் சொன்னேன்.