முன்பாரம், பின்பாரம்

மக்களே, இது கொஞ்சம் அசிங்கப்பட்ட கதை. படிச்சுட்டு சிரிச்சா தப்பில்ல. ஆனா ட்ரெய்லர் வச்சிருக்கற யாராவது இருந்தா சிரிச்சு முடிச்சதும் ஒரு தடவை வண்டிக்குப் பின்னாடி போய்ப் பார்த்துடுங்க.

போன வருஷம் டல்லாஸ்ல ஒரு பழைய ட்ராவல் ட்ரெய்லர் வாங்கினேன். 17 அடி நீளப் பொட்டி. உள்ள கட்டில், அடுப்பு, குட்டி பாத்ரூம். சொந்தமா எஞ்சின் கிடையாது, நம்ம பிக்கப் ட்ரக்ல மாட்டி இழுத்துட்டுப் போகணும். மாட்டற இடத்துக்குப் பேர் ஹிட்ச். ட்ரக் பக்கம் ஒரு இரும்புக் குண்டு, ட்ரெய்லர் மூக்குல அதைக் கவ்வற ஒரு கிண்ணம். அவ்ளோதான் டெக்னாலஜி.

வாரம் பூரா ஆணி புடுங்கறவனுக்கு சனிக்கிழமை நிஜ ஆணி கையில கிடைச்சா சும்மா இருப்பானா? பின் பம்பர்ல ஒரு இரும்பு ரேக் போல்ட் பண்ணினேன். அதுல ரெண்டு சைக்கிள், ஒரு ஜெனரேட்டர், 7 கேலன் தண்ணி கேன் ரெண்டு. தங்கமணி ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்துட்டு, "ஏங்க, எல்லாத்தையும் வால்லயே தொங்க விட்டிருக்கீங்களே, பரவால்லயா?"ன்னு கேட்டா. நான் சொன்ன பதில்: "நான் இன்ஜினியர்மா." (இந்த டயலாக்கை இன்னிவரைக்கும் வீட்டுல சொல்லிக் காட்டறாங்க.)

கிளம்பினது பாலோ டியூரோ கேன்யனுக்கு. அமரில்லோவுக்குத் தெற்கே, செக்கச் செவேல்னு மண் பிளந்து கிடக்கற இடம். டல்லாஸ்ல இருந்து 287 நெடுஞ்சாலையைப் பிடிச்சு, விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டினா பொட்டல் காடு, காத்து பிச்சுக்கும். 65 மைல் வேகத்துல போறேன். ஒரு பெரிய லாரி எங்களை ஓவர்டேக் பண்ணிச்சு. அது கிளப்பின காத்துல ட்ரெய்லர் லேசா இடது பக்கம் ஆடிச்சு. அப்புறம் வலது. அப்புறம் இன்னும் பெருசா இடது. மூணாவது ஆட்டத்துல ட்ரக்கோட பின்பக்கத்தையே சேர்த்து இழுக்குது. கண்ணாடியில ட்ரெய்லரோட பக்கச் சுவர் முழுசா தெரியுது. அது தெரியக்கூடாது சாமி!

கால் தானா பிரேக்குக்குப் போச்சு. நல்லவேளை, ட்ரெய்லரை வித்த பெரியவர் சொன்னது ஞாபகம் வந்துது. நெளிய ஆரம்பிச்சா பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை வெட்டாதே. நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடு, டாஷ்போர்டுல இருக்கற லீவரை அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடு. போட்டேன். இன்னும் ரெண்டு தடவை ஆடிட்டு அடங்கிச்சு. ஓரம் கட்டினேன். தங்கமணி ஒரு வார்த்தை பேசல. டாஷ்போர்டைப் பிடிச்சிருந்த விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்துது.

அங்கேயே தண்ணியைக் கொட்டினேன், ஜெனரேட்டரையும் சைக்கிளையும் ட்ரக் மேல ஏத்தினேன், 50 மைல் வேகத்துல போய்ச் சேர்ந்தோம்.

ராத்திரி அப்பாவுக்கு போன். நான் ஸ்வே, ஏரோடைனமிக்ஸ்னு அளந்துட்டு இருக்கேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "பின்பாரம் ஏத்திட்டியாடா?"ன்னு கேட்டார்.

கொசுவர்த்தி சுத்துது. ஊர்ல தாத்தா மாட்டு வண்டியில நெல் மூட்டை ஏத்தினதும், மாட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி நுகத்தடியைக் கையால தூக்கிப் பார்ப்பார். சுலபமா எழும்பினா பின்பாரம், ஒரு மூட்டையை முன்னாடி தள்ளச் சொல்வார். தூக்கவே முடியலைன்னா முன்பாரம், மாட்டுக் கழுத்து புண்ணாயிடும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். தாத்தா அஞ்சாங்கிளாஸ்.

ட்ரெய்லர்லயும் அதே கணக்குதான். மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் ஹிட்ச் குண்டு மேல உட்காரணும். குறைஞ்சா வால் ஆட்டும். கூடினா ட்ரக்கோட பின்பக்கம் அமுங்கி, முன் டயருக்குப் பிடிமானம் போயிடும்.

வீட்டுக்கு வந்து பழைய மாதிரியே எல்லாத்தையும் ஏத்தி அளந்தேன். லாரி எடை மேடையில ட்ரெய்லர் மொத்தம் 3,800 பவுண்டு. மூக்கு எடைக்கு பாத்ரூம் எடை மெஷின் போதும். மூணடி இடைவெளியில ஒரு பக்கம் செங்கல், ஒரு பக்கம் மெஷின், மேல கனமான பலகை. செங்கல்லேர்ந்து ஒரு அடியில ட்ரெய்லர் மூக்கோட ஜாக்கை இறக்கணும். பலகை எடையைக் கழிச்சுட்டு, வர்ற எண்ணை மூணால பெருக்கணும். எனக்கு வந்தது 75. அதாவது 225 பவுண்டு, வெறும் 6 சதவீதம்!

ரேக்கும் அதுல இருந்ததும் சேர்த்து 270 பவுண்டுதான். ஆனா அச்சுக்குப் பத்தடி பின்னாடி தொங்கினதால, சீசா மாதிரி மூக்குல இருந்து கிட்டத்தட்ட 245 பவுண்டைத் தூக்கிடுச்சு. ரேக்கைக் கழட்டினதும் 470, அதாவது 13 சதவீதம். முதல் வருஷ மெக்கானிக்ஸ் பாடம். பாஸ் பண்ணிருக்கேன், ஹி ஹி.

அப்புறம்தான் ஹிட்ச்சைத் தொட்டேன். ட்ரெய்லர் மூக்கு மேல தூக்கிட்டு நின்னுது, அதுவும் ஆட்டத்துக்கு ஒரு காரணம். உயரம் மாத்தக்கூடிய பால் மவுண்ட் வாங்கி மட்டமா இறக்கினேன். எடையைப் பிரிச்சுக் கொடுக்கற ஸ்பிரிங் பார், ஆட்டத்தை அடக்கற ஃப்ரிக்ஷன் பார் ரெண்டும் மாட்டினேன். ஆனா ஒண்ணு: பின்பாரத்தை அப்படியே வச்சுட்டு இதை மட்டும் மாட்டறது, பக்கை விட்டுட்டு எரர் மெசேஜை மறைக்கற மாதிரி. பார்த்திருக்கோம்ல?

தங்கமணி ரெண்டு மாசம் ட்ரெய்லர்ல ஏற மாட்டேன்னுட்டா. இப்ப வர்றா, ஒரு கண்டிஷனோட. கிளம்பறதுக்கு முன்னாடி மெஷினைப் படிக்கறது அவ. நான் ஜாக்கை இறக்கிட்டு வாயை மூடிட்டு நிக்கணும்.

நிக்கறேன்.

டிஸ்கி: ட்ரெய்லர் பின் பம்பர் பெரும்பாலும் கழிவுக் குழாயைச் சுருட்டி வைக்கற மெல்லிசான பொள்ளல் தகரம். சுமை தாங்கற இரும்புன்னு நம்பி என்னை மாதிரி ரேக் மாட்டாதீங்க :-)