குட்டி இளவரசனை யார் கொண்டுபோனது?

ஒக்டோபர் வந்தால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, பாடசாலைகளில் வாசிப்பு மாதம். மற்றது, 30ஆம் திகதி. இரண்டும் ஒரே மாதத்தில் விழுந்தது யாருடைய திட்டமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது.

எங்களை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபர் 30 அன்று ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகள் நாங்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் படித்தோம். இன்று எங்களில் சிலர் திரும்பி வந்து இங்கேயே கற்பிக்கிறோம்.

போன வாசிப்பு மாதத்தில் தரம் 6 பிள்ளைகளுக்கு எதை வாசித்துக் காட்டுவது என்று யோசித்தோம். எங்களில் ஒருவர் கொழும்பிலிருந்து வாங்கிவந்து நூலக அலுமாரியில் வைத்திருந்த ‘குட்டி இளவரசன்’ கண்ணில் பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி எழுதியது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேரே பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர, சென்னை க்ரியா பதிப்பகம் 1981இல் வெளியிட்டது. அதே 1981இல்தான் எங்கள் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. ஒரு ஊரில் புத்தகம் எரிய, இன்னொரு ஊரில் புத்தகம் பிறந்திருக்கிறது.

எழுதியவர் ஒரு விமானி. 1935 டிசம்பர் கடைசியில் பாரிஸிலிருந்து சைகோனுக்குப் பறக்கும்போது, விமானம் பாலைவனத்தில் விழுந்தது. அவரும் மெக்கானிக்கும் தண்ணீர் இல்லாமல் சாகக் கிடந்த நேரத்தில் காப்பாற்றியவர் ஒட்டகத்தில் வந்த ஒரு பாலைவன அரபி. பிறகு பிரான்ஸை ஜேர்மனி பிடித்தபோது அவர் அமெரிக்கா போனார். இந்தக் கதையை எழுதியதும், அதற்கான படங்களைத் தன் கையாலேயே வரைந்ததும் அங்கேதான். 1943இல் நியூயோர்க்கில் நூல் வெளிவந்தது. அதைச் சமர்ப்பித்திருப்பது பிரான்ஸில் பசியிலும் குளிரிலும் மாட்டிக்கொண்டிருந்த ஒரு யூத நண்பருக்கு. சொந்த ஊரில் இருக்க முடியாத ஒருவர், ஊரில் ஒளிந்திருந்த ஒருவருக்காக எழுதிய பிள்ளைகள் கதை இது. இதை அறிந்த பிறகு படங்களை நாங்கள் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

முதல் படத்தை வகுப்பில் காட்டினோம். பெரியவர்கள் அதைத் தொப்பி என்பார்கள், உண்மையில் அது யானையை விழுங்கிய மலைப்பாம்பு. எங்கள் வகுப்பில் ஒருவர்கூடத் தொப்பி என்று சொல்லவில்லை. இவர்களுக்குத் தொப்பி என்றால் தொழப் போகும்போது போடுவது. “சஹன் மூடி டீச்சர்” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. கந்தூரி ஞாபகம் வந்திருக்கும்.

அடுத்தது துருக்கி வானியலாளர் வரும் இடம். அவர்தான் இளவரசனின் சின்னக் கிரகத்தைக் கண்டுபிடிக்கிறார். துருக்கி உடுப்போடு போய்ச் சொன்னபோது சபையில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அதையே சொன்னார், எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு படங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகள் இந்த முறை சிரிக்கவில்லை. பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை தன் பர்தாவைச் சரிசெய்துகொண்டு, “எங்கட லாத்தாக்கும் இன்டர்வியூவில அப்பிடித்தான்” என்றாள். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடம் அன்றைக்கு அரை மணித்தியாலம் நடந்தது.

பிறகு பாஓபாப் மரம். அது எங்களுக்குப் புதிதில்லை. நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்கிறதே, பெருக்கமரம், அதுதான். கதையில் அது ஆபத்தானது. முளையிலேயே பிடுங்காவிட்டால் வேர் கிரகத்தையே பிளந்துவிடும். முளையாக இருக்கும்போது ரோசாவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். “பகையும் அப்பிடித்தானே டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொன்னது. நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. இங்கே அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வதுண்டு என்றோம். உடனே ஒரு கேள்வி வந்தது: “அப்ப அந்த மரத்திட ஊர் எது?”

கேட்டது ஒரு பையன். பெயர் வேண்டாம். புத்தளம் தில்லையடியில் பிறந்தவன். அவனுடைய வாப்பா இங்கே பிறந்தவர். குடும்பம் இரண்டு வருடங்களுக்கு முன் திரும்பி வந்தது. வீடு என்று இருப்பது கூரையில்லாத சுவர்கள், உள்ளே வளர்ந்த மரங்கள். வாடகை அறையில் இருந்தார்கள்.

அன்று எல்லோரையும் தங்கள் கிரகத்தை வரையச் சொன்னோம். அவன் இரண்டு வரைந்தான். ஒன்றில் உப்பளமும் கொட்டிலும். மற்றதில் கூரையில்லாத வீடு. ரோசாவை எங்கும் காணவில்லை. கேட்டோம். “எதில வைக்கிறதெண்டு தெரியல்ல டீச்சர்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “இளவரசன யாரும் போகச் சொல்லல்லையே, அவனாத்தானே போனான்” என்றான். இரண்டுக்கும் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

கடைசி அத்தியாயங்களை வாசிக்கத் தயங்கினோம். இளவரசன் தன் கிரகத்துக்குப் போக, பாம்பு அவனைக் கடிக்கிறது. விடிந்து பார்த்தால் உடலைக் காணவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் இன்றைக்கும் வீதியில் நிற்கும் ஊர் இது. அவர்களுடைய வலியும் எங்களுடைய வலியும் ஒரே ஊரின் வலிதான். எழுதியவரும் அப்படித்தான் போனார். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகா தீவிலிருந்து விமானத்தில் கிளம்பியவர் திரும்பவில்லை. மார்செய் நகருக்கு அருகே கடலில் கிடைத்த சிதைவு அவருடைய விமானம்தான் என்று உறுதியானது 2004இல், 60 வருடங்கள் கழித்து.

முழுவதையும் வாசித்தோம். “போய்ச் சேர்ந்தானா?” என்று அதே பையன் கேட்டான். நீங்கள்தான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றோம்.

நவம்பரில் அவனுடைய வாப்பா வந்து விடுகைப் பத்திரம் கேட்டார். இங்கே தொழில் சரிவரவில்லை, புத்தளத்துக்கே போகிறோம் என்றார். கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். வேறு என்ன செய்வது? எங்கள் இடாப்பில் இப்படி வெட்டப்பட்ட பெயர்கள் நிறைய.

வருடக் கடைசிக் கணக்கெடுப்பில் ‘குட்டி இளவரசன்’ இல்லை. யார் கொண்டுபோனது என்று எங்களுக்குத் தெரியும். களவு ஹராம் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் நாங்கள்தான். அவனுடைய வாப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். பிள்ளையை அடிப்பார், விடுங்கள் என்றார் இன்னொருவர்.

அப்போது எங்களில் ஒருவர் தன் உம்மாவின் கதையைச் சொன்னார். 1990இல் வீட்டில் விட்டுவந்த குர்ஆனைப் பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்திருந்தாராம். அந்த அக்காவும் எத்தனையோ இடப்பெயர்வு கண்டவர். போன இடமெல்லாம் அதையும் கொண்டுபோயிருக்கிறார். 2002இல் பாதை திறந்து உம்மா ஊர் பார்க்க வந்தபோது, “உங்கட சாமான், நான் திறந்துகூடப் பார்க்கல்ல” என்று கையில் கொடுத்தாராம். எங்கள் வழக்கில் இதற்குப் பெயர் அமானிதம். கதையில் நரி இளவரசனுக்குக் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். நாம் பழக்கிக்கொண்ட ஒன்றுக்கு நாமே பொறுப்பு.

வாப்பாவுக்குச் சொல்லாமல் பையனோடு மட்டும் கதைத்தோம். திட்டவில்லை. சுகம் விசாரித்தோம், புதுப் பாடசாலை எப்படி என்று கேட்டோம். அவனே சொன்னான்.

“புத்தகம் என்னட்டத்தான் இருக்கு டீச்சர். கவர் போட்டு வெச்சிருக்கன். வரக்குள்ள கொண்டு வாறன்.”

எப்போது வருவாய் என்று நாங்கள் கேட்கவில்லை. பதிவேட்டில் ‘தொலைந்தது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இரவல்’ என்று எழுதினோம்.

இந்த ஒக்டோபருக்கும் வாசிக்க வேண்டும். வீட்டில் உங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த, படம் உள்ள தமிழ்க் கதைப் புத்தகங்கள் இருந்தால் எங்களுக்கு அறிவியுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளைக்காகவும் துஆச் செய்யுங்கள்.